டைல் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு: இங்க்ஸ்கேப்பில் ஆல் ஓவர் ரிப்பீட் போடுவது எப்படி?

கரூர்த்தறி

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் பெட்ஷீட், தலையணை உறை, மேசைவிரிப்புக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறேன். நாலு வருடமாக இதுதான் தொழில். இதுவரை செய்ததெல்லாம் நடுவில் ஒரு பூ, சுற்றிலும் பார்டர் என்ற வகை. இப்போதுதான் முதன்முறையாக ஆல் ஓவர் பிரிண்ட் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி துணி முழுக்க ஓட வேண்டுமாம்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 150 மி.மீ. சதுரமாக ஒரு டைல், அதாவது திரும்பத் திரும்ப அடுக்க வேண்டிய ஒரு கட்டம், வரைந்தேன். மூலைக்கு ஒரு கால் பூ. நாலு டைல் கூடும் இடத்தில் முழுப் பூ வரும். பின்னணிக்கு மெரூன் நிறத்தில் ஒரு சதுரம். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்ஸல்) பிஎன்ஜி படமாக எடுத்து, டிஜிட்டல் பிரிண்ட் போடும் ஓர் இடத்தில் இரண்டு மீட்டர் சாம்பிள் எடுக்கக் கொடுத்தேன். வந்த துணியில் 15 செ.மீ.-க்கு ஒரு வெள்ளைக் கோடு! நெடுக்கிலும் குறுக்கிலும், கட்டம் போட்ட நோட்டு மாதிரி. "உங்க ஃபைல் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லி சாம்பிளுக்குக் காசும் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று நாளாகத் தேடுகிறேன், எங்கே தவறு என்று பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாலைநிறம்

அது ஆன்டிஅலயாஸிங் (விளிம்பு மென்மையாகத் தெரிய மென்பொருள் இடைநிறம் பூசுவது) கோடு அக்கா. திரையில்தான் தெரியும், நிஜத்தில் இருக்காது. ஜூம் செய்து பாருங்கள். ஒரு அளவில் தெரியும், இன்னொரு அளவில் மறைந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே தொல்லை உண்டு. கண்டுகொள்ளாதீர்கள்.

கரூர்த்தறி

தம்பி, துணியில் விழுந்துவிட்டதே. பிக் கிளாஸ் (இழை எண்ணும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். கோடு சரியாகக் கால் மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது, மை துளிக்கூட ஏறவில்லை.

வெக்டர்வாசி

மாலைநிறம் சொல்வது பாதி சரி. அடுத்தடுத்த இரண்டு வடிவங்களின் விளிம்பு ஒரு பிக்ஸலின் நடுவில் விழுந்தால், மென்பொருள் இரண்டையும் பாதிப் பாதியாகப் பூசும். அந்த இடத்தில் பின்னால் இருக்கும் வெள்ளை லேசாகக் கசியும். அந்தக் கோடு ஜூமுக்கு ஜூம் மாறும், கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு வரவே வராது.

கரூர்த்தறி, "கால் மில்லிமீட்டர்" என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். ஃபைலைத் திறந்து அந்த மெரூன் சதுரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். மேலே டபிள்யூ, ஹெச் கட்டங்களில் என்ன எண் இருக்கிறது? எக்ஸ், ஒய் எவ்வளவு? அப்படியே எழுதுங்கள். முழு எண்ணாக்கிவிட வேண்டாம்.

கரூர்த்தறி

டபிள்யூ 149.735. ஹெச் 149.735. எக்ஸ் 0.132, ஒய் 0.132.

நான் 150 என்று கையால் அடித்தது நன்றாக நினைவிருக்கிறது. எப்படி மாறியது?

வெக்டர்வாசி

இதுதான் காரணம். யாரும் மாற்றவில்லை, நடந்தது இது.

இங்க்ஸ்கேப்பில் ஒரு பிக்ஸல் என்பது அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கு, அதாவது 0.265 மி.மீ. நீங்கள் சதுரம் போட்டபோது அதற்கு ஒரு பிக்ஸல் அவுட்லைன் இருந்திருக்கும். இங்க்ஸ்கேப் வழக்கமாக அளப்பது கண்ணுக்குத் தெரியும் அளவை, அவுட்லைனின் தடிப்பையும் சேர்த்து. நீங்கள் 150 என்று அடித்தபோது சதுரம் 149.735, கோட்டின் தடிப்பு 0.265, இரண்டும் சேர்ந்து 150 ஆகிவிட்டது. பிறகு அவுட்லைன் வேண்டாம் என்று எடுத்திருக்கிறீர்கள். கோடு போனது, சதுரம் 149.735-லேயே நின்றது. பக்கத்துக்கு 0.132 மி.மீ. வெற்றிடம். இரண்டு டைல் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது 0.265. உங்கள் பிக் கிளாஸ் சொன்ன அதே கால் மில்லிமீட்டர்.

பிஎன்ஜி-யில் அந்த வெற்றிடம் ஒளி ஊடுருவும் பகுதி. துணி வெள்ளை என்பதால் வெள்ளையாகவே நின்றுவிட்டது.

சரிசெய்ய: ப்ரெஃபரன்சஸ் > டூல்ஸ் போய், பவுண்டிங் பாக்ஸ் என்ற இடத்தில் விஷுவல் என்பதை ஜியோமெட்ரிக் என்று மாற்றுங்கள். ரிப்பீட் வேலை செய்பவர்கள் அதை நிரந்தரமாக அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. (இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு இணையானது யூஸ் ப்ரிவ்யூ பவுண்ட்ஸ். டிக் இல்லாமல் இருக்க வேண்டும்.)

இன்னொன்று. ஒரே நிறப் பின்னணி என்றால் சதுரத்தைச் சரியாக 150-க்கு வெட்டி நிறுத்தும் அவசியமே இல்லை. பக்கத்தின் அளவு 150 ஆக இருக்கட்டும், மெரூன் சதுரம் நாலு பக்கமும் 5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். எக்ஸ்போர்ட்டில் 'பேஜ்' என்று தேர்ந்தெடுத்தால் பக்கத்தின் விளிம்போடு வெட்டித் தரும்.

கரூர்த்தறி

மூன்று நாள் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். சதுரத்தை வெளியே நீட்டி எடுத்துப் பார்த்தேன். ஒன்பது டைல் அடுக்கியும் கோடு இல்லை.

ஆனால் இப்போது வேறொன்று தெரிகிறது. மூலைப் பூக்கள் சேரும் இடத்தில் இதழின் விளிம்பு மயிரிழை அளவுக்குத் தட்டுகிறது. கால் பூ கால் பூவாக வெட்டி மூலைகளில் வைத்ததாலா?

கோரல்மேசை

அச்சகத்தில் கோரல்தான் ஓட்டுகிறேன், என் வழியைச் சொல்கிறேன்.

பூவை வெட்டவே கூடாது! நாலாக வெட்டி நாலு மூலைக்கு அனுப்பினால் எங்கோ ஓர் இடத்தில் நூலளவு தப்பும். முழுப் பூவை அதன் மையம் மூலைப்புள்ளியில் வருமாறு வையுங்கள். கன்ட்ரோல் ஷிஃப்ட் டி அடித்தால் ஸ்டெப் அண்ட் ரிப்பீட் வரும். கிடைமட்டம் 150, ஒரு நகல். இரண்டையும் தேர்ந்தெடுத்து நெடுக்கில் 150, ஒரு நகல். நாலு மூலையிலும் நாலு முழுப் பூ. எல்லாவற்றையும் குரூப் செய்து 150 சதுரத்துக்குள் பவர்க்ளிப். வெளியே நீட்டுவதெல்லாம் உள்ளே அடங்கிவிடும்.

கணக்கு எல்லா மென்பொருளுக்கும் ஒன்றுதான். இடது விளிம்பைத் தொடும் எந்தப் பொருளுக்கும் வலப்பக்கம் 150 தள்ளி ஒரு நகல். மேல் விளிம்பைத் தொட்டால் கீழே 150 தள்ளி ஒரு நகல். மூலையைத் தொட்டால் நாலு மூலையிலும் வேண்டும். மவுஸால் இழுத்து வைக்காதீர்கள், எண்ணை அடித்தே நகர்த்துங்கள்.

இங்க்ஸ்கேப்பை விட்டுவிட்டு கோரலுக்கு வந்துவிடுங்கள் என்றும் சொல்வேன். இங்க்ஸ்கேப்பில் சிஎம்ஒய்கே (நாலு மை கலந்து நிறம் தரும் அச்சுமுறை) சரிவரக் கிடையாது. துணிக்கு அனுப்பும்போது நிறம் கெட்டுப்போகும்.

ரோட்டரிக்காரர்

நான் ஈரோட்டுல துணிக்கு அச்சடிக்கற ரோட்டரி மெஷின்ல 22 வருஷமா நிக்கறேனுங்க. கடைசியில சொன்னத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். காகித அச்சுக்கு சிஎம்ஒய்கே சரி. ரோட்டரிக்கு அது எதுக்குங்க? நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மெரூன்னா மெரூனுக்குன்னு கலர் கிச்சன்ல பேஸ்ட் கலக்கி, ஷேட் கார்டோட ஒத்துப் பார்த்துத்தான் ஊத்தறோம். எங்களுக்கு வேணுங்கறது ஆறு நிறம்னா ஃபைல்ல ஆறே நிறம். ஓரத்துல இடைநிறம் முப்பது நாப்பது கலந்து வந்தா, பிரிக்கறவங்க ராத்திரி பூரா உக்காந்து சுத்தம் பண்ணணும்.

அம்மணி, நீங்க சாம்பிள் டிஜிட்டல்ல எடுத்தீங்க. ஆர்டர் எத்தன மீட்டர்? பல்க் எதுல போகுது?

கரூர்த்தறி

நாலாயிரம் மீட்டர் அண்ணா. ரோட்டரியில்தான் போகும் என்று நேற்றுத்தான் சொன்னார்கள்.

ரோட்டரிக்காரர்

அப்பன்னா உங்க 150 ஆகாதுங்க.

ரோட்டரி ஸ்கிரீன்ங்கறது நிக்கல்ல செஞ்ச உருளை. நம்ம பக்கம் ரொம்பப் புழங்கற அளவு சுற்றளவு 640 மி.மீ. உருளை ஒரு சுத்து சுத்துனா துணி 640 நகரும். அடுத்த சுத்துல டிசைன் விட்ட இடத்துல இருந்து தொடங்கணும். உங்க 150-ஐ நாலு தடவ வச்சா 600. மிச்சம் 40-ஐ என்ன பண்றது? அஞ்சாவது டைல்ல நாப்பது மில்லிமீட்டர்ல வெட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து தொடங்கும். 64 செ.மீ.-க்கு ஒருக்கா பூ பாதியில அறுந்து நிக்கும். இத ஒரு தடவ நான் கண்ணால பாத்திருக்கேன். ஸ்கிரீன் எக்ஸ்போஸ் பண்ணி, மெஷின்ல ஏத்தி, முப்பது மீட்டர் ஓடுனப்புறம்தான் தெரிஞ்சது. ஆறு ஸ்கிரீனும் வீண்.

நெடுக்குல 640-ஐ மீதி இல்லாம வகுக்கற அளவா எடுங்க. 640, 320, 160, 128, 80. உங்களுக்கு 160 பொருந்தும், சுத்துக்கு நாலு. அகலவாக்குல இந்தக் கட்டாயம் இல்லீங்க. ஆனா சதுரக் கல்லு டிசைன்னா ரெண்டும் 160 இருந்தாத்தான் கல்லு கல்லாத் தெரியும். 820, 914 சுற்றளவுலயும் ஸ்கிரீன் இருக்கு. அதனால ஓட்டப்போற யூனிட்டுல "உங்க ஸ்கிரீன் சுற்றளவு என்ன?"ன்னு கேட்டுட்டு அப்புறம் பென்சிலை எடுங்க.

மெல்லிசுக் கோடு எதுவும் இருக்கா? 125 மெஷ் ஸ்கிரீன்னா அங்குலத்துக்கு 125 துளை. துளைக்குத் துளை 0.2 மி.மீ. அதவிட மெலிஞ்ச கோடு பல்லுப் பல்லா, விட்டு விட்டுத்தான் விழும்.

கரூர்த்தறி

இதழுக்குள் நரம்புக்கோடுகள் 0.15 மி.மீ. வைத்திருக்கிறேன். நல்லவேளை கேட்டீர்கள் அண்ணா. சுற்றளவு விசாரித்தேன், 640-தான். 150-ஐ 160 ஆக்க அப்படியே பெரிதாக்கினால் போதுமா?

வெக்டர்வாசி

106.667 விழுக்காடு வரும். அப்படி இழுத்தால் எல்லா எண்களும் தசமத்தில் நிற்கும், எங்கோ 159.998 என்று ஒன்று ஒளிந்திருக்கும். 160-ல் புதிதாகவே கட்டமைத்துவிடுங்கள், அரைநாள் வேலை. பூக்களை மட்டும் பழைய ஃபைலிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அப்போது மேல் பட்டையில் கோட்டுத்தடிப்பும் சேர்ந்து பெரிதாகும் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். நரம்புக்கோட்டை 0.3 ஆக்கிவிடுங்கள்.

எப்படிக் கட்டமைப்பது என்று என் முறையைச் சொல்கிறேன். இதில் வரைய வரையவே ரிப்பீட் கண்ணுக்குத் தெரியும்.

160-க்கு 160 சதுரம் ஒன்று. நிறமும் வேண்டாம், அவுட்லைனும் வேண்டாம். எக்ஸ், ஒய் இரண்டும் 0. அதை மட்டும் குரூப் செய்யுங்கள். ஆம், ஒரே ஒரு பொருள் இருக்கும் குரூப். பிறகு எடிட் > க்ளோன் > க்ரியேட் டைல்ட் க்ளோன்ஸ். சிமெட்ரி பி1 (திருப்பாமல் வெறுமனே நகர்த்தி அடுக்குவது), மூன்று வரிசை, மூன்று பத்தி, நகர்வு எல்லாம் 0. க்ரியேட் அழுத்துங்கள். திரையில் எதுவும் தெரியாது, கவலைப்பட வேண்டாம். முதல் க்ளோன் (அசல் மாறினால் தானும் மாறும் நகல்) அசலின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். இப்போது அசல் குரூப்புக்குள் போய் ஒரு பூ வரையுங்கள். எட்டு க்ளோனிலும் அதே கணம் பூ முளைக்கும். பூ சதுரத்தைத் தாண்டி வெளியே போனாலும் பக்கத்து டைலுக்குள் சரியாக நுழையும், ஏனென்றால் க்ளோன்களின் இடைவெளி முன்பே 160 என்று நிலைத்துவிட்டது. கோரல்மேசை சொன்ன நகல் கணக்கை இங்கே மென்பொருளே பார்த்துக்கொள்கிறது.

வரிசை முக்கியம். முதலில் பூ வரைந்துவிட்டு அப்புறம் டைல் போட்டால், வெளியே நீட்டும் இதழையும் சேர்த்து அளந்து இடைவெளி 173, 181 என்று வரும்.

பலர் விழும் குழி இன்னொன்று உண்டு. மெரூன் பின்னணியை அந்தக் குரூப்புக்குள் வைக்காதீர்கள். க்ளோன்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. வலப்பக்க டைலின் மெரூன், இடப்பக்க டைலிலிருந்து நீட்டும் இதழை மூடிவிடும். பின்னணி தனியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கட்டும்.

முடிந்ததும் நடு டைல் இருக்கும் இடத்தில், அதாவது எக்ஸ் 160, ஒய் 160-ல், 160 சதுரம் ஒன்று போட்டு கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர். பக்கம் அந்த அளவுக்குச் சுருங்கும். சதுரத்தை அழித்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நடு டைலுக்கு எட்டுத் திசையிலும் அண்டை வீடு இருப்பதால் எல்லா விளிம்பும் முழுமையாக வரும்.

300 டிபிஐ-யில் எடுக்க வேண்டாம். 160 மி.மீ.-க்கு 1889.76 பிக்ஸல் வரும், அந்த 0.76 எங்கே போகும்? 254 வையுங்கள். அங்குலத்துக்கு 25.4 மி.மீ., ஆகவே 254 டிபிஐ என்றால் மில்லிமீட்டருக்குச் சரியாகப் பத்து பிக்ஸல். டைல் 1600, ஸ்கிரீன் முழுச் சுற்று 6400. பின்னம் என்ற பேச்சே இல்லை. ரோட்டரிக்காரர் அண்ணன் சொன்ன இடைநிறத்துக்கு டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸில் யூஸ் ஆன்டிஅலயாஸிங் டிக்கை எடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ரோட்டரிக்காரர்

254 நல்ல யோசனைங்க. மில்லிமீட்டருக்குப் பத்துன்னா எங்களுக்கும் கணக்கு மனசுலயே வந்துரும்.

கரூர்த்தறி

செய்துவிட்டேன்! அந்த வெற்றுக் குரூப்புக்குள் முதல் இதழ் போட்டதும் ஒன்பது இடத்திலும் வந்ததைப் பார்த்தபோது அப்படி ஒரு மகிழ்ச்சி. படத்தை இணைத்திருக்கிறேன். விளிம்பில் எதுவும் தட்டவில்லை. இனிப் போகலாமா?

புள்ளிக்கோலம்

படம் பார்த்தேன் தங்கச்சி. ஒட்டு தெரியவில்லை. ஆனால் சற்றுத் தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார். மூலைப் பூவுக்கும் நடு நட்சத்திரத்துக்கும் இடையே குறுக்காக ஒரு வெற்றுப் பாதை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே நேராக ஓடுகிறது. ஒரு டைலில் பார்த்தால் அது இரண்டு விரல் இடைவெளி. கட்டிலில் விரித்தால் பன்னிரண்டு தெரு. நெடுக்கில் அப்படி இல்லை, அங்கே இலைகள் குறுக்கிடுகின்றன. குறுக்கில் மட்டும்தான்.

நாங்கள் கோலம் போடும்போது புள்ளி வைத்ததுமே இதைப் பார்ப்போம். நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு நேர்கீழே புள்ளி. இரண்டு புள்ளி வரிசைக்கு நடுவில் தெரு விழும், கோடு வளைந்து போய் அந்தத் தெருவை அடைக்க வேண்டும். இடைப்புள்ளி என்றால் மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கீழ்வரிசைப் புள்ளி. நெடுக்கில் தெருவே விழாது.

உன்னுடையது ஆத்தங்குடிக் கல். அது நேர்ப்புள்ளிதான், அதை மாற்றக் கூடாது. ஆகவே குறுக்கே ஓர் இலையையோ கொடியையோ அந்தப் பாதையைத் தாண்டும்படி விடு.

கரூர்த்தறி

அக்கா, இதைக் கவனிக்கவே இல்லை. இப்போது பார்த்தால் அது மட்டும்தான் கண்ணில் படுகிறது. இலையை நாலு பக்கமும் ஒரே மாதிரி திருப்பி வைக்கக் கையால் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். சுருக்கு வழி உண்டா?

வெக்டர்வாசி

அதே டைல்ட் க்ளோன்ஸ் பெட்டியில் சிமெட்ரி பட்டியலைத் திறந்து பாருங்கள், 17 வகை இருக்கும். இங்க்ஸ்கேப்காரர்கள் தேர்ந்தெடுத்த பதினேழு அல்ல அது. ஒரு சமதளத்தில் இரு திசையிலும் திரும்பத் திரும்ப வரும் வடிவத்துக்குச் சாத்தியமான சமச்சீர் வகைகளே மொத்தம் 17-தான். ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதரோவ் 1891-ல் நிறுவியது. இது தெரிந்த நாளிலிருந்து கோயில் மதில், ஜன்னல் கம்பி, பாய்முடைச்சல் என்று எதைப் பார்த்தாலும் எந்த வகை என்று மனம் தேட ஆரம்பித்துவிட்டது.

உங்கள் கல் பி4எம். நெடுக்கு, குறுக்கு, இரண்டு மூலைவிட்டம் எல்லாவற்றிலும் கண்ணாடி. அதனால் டைலில் அரைக்கால் பங்கு வரைந்தால் போதும். சதுரத்தின் மையம், ஒரு பக்கத்தின் நடு, அதை ஒட்டிய மூலை, இந்த மூன்றுக்கும் நடுவில் வரும் முக்கோணம்.

ஒன்றில் மட்டும் கவனம். வளைகோடு கண்ணாடிக்கோட்டைத் தொடும் இடத்தில் நோடின் (வளைகோட்டிலுள்ள புள்ளியின்) கைப்பிடி அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரதிபலிப்போடு சேரும்போது அங்கே ஒரு முனை தட்டும். இதழ் நுனியில் அந்த முனை அழகு. கொடியின் நடுவில் வந்தால் ஒடிந்த குச்சி. கைப்பிடியைக் கன்ட்ரோல் அழுத்தி இழுத்தால் 15 பாகைப் படிகளில் நகரும். 90-ம் அதில் வரும், மூலைவிட்டத்துக்கான 135-ம் வரும்.

கோரல்மேசை

இதற்கு என்னிடம் இருக்கும் கோரலில் ஒரே பெட்டியில் வழி இல்லை, கண்ணாடி நகல் எடுத்து எடுத்துத்தான் சேர்க்க வேண்டும். இன்று இரவு இங்க்ஸ்கேப் இறக்கிப் பார்க்கிறேன்.

கரூர்த்தறி

இரண்டாவது சாம்பிள் இன்று கைக்கு வந்தது. முன்பு போன இடம் அல்ல, வேறு இடம். டிஜிட்டல்தான், ஆனால் 6400 பிக்ஸல் உயரமாக, ரோட்டரி ஓடப்போவது போலவே நாலு டைல் அடுக்கிக் கொடுத்தேன். மேசையில் விரித்து, பிக் கிளாஸை 160 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் காட்டி "எங்கே ஒட்டியிருக்கு சொல்லு" என்றேன். ஐந்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டா? ஒரே துணிதானே?" என்றார்.

புள்ளிக்கோலம் அக்காவின் தெருவும் அடைபட்டுவிட்டது. நரம்புக்கோடு 0.3-ல் நன்றாக எடுப்பாக விழுந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. பார்ட்டிக்குப் பிடித்துப்போய், இதே பூவை இடைப்புள்ளி மாதிரி இறக்கி இறக்கி, ஹாஃப் ட்ராப்பில் தலையணை உறைக்குக் கேட்கிறார்கள். அடுத்த பத்தி 80 மி.மீ. கீழே இறங்கும். அது 640-ல் இடிக்குமா?

ரோட்டரிக்காரர்

இடிக்காதுங்க அம்மணி. பத்தி இறங்கறதே தவிர, ஒவ்வொரு பத்திக்கும் உள்ள அதே 160 ஓடுது. சுத்துக்கு நாலு சரியா வரும். பாதியா அறுபடறது கடைசியில வந்து முதல் பாதியோட சேந்துக்கும்.

வெக்டர்வாசி

ஃபைல் பக்கம் மட்டும் ஒரு மாற்றம். டைல்ட் க்ளோன்ஸில் ஷிஃப்ட் பகுதிக்குப் போய், ஷிஃப்ட் ஒய்-யில் 'பெர் காலம்' 50 விழுக்காடு, ஆல்டர்னேட் டிக். பத்தி எண்ணிக்கையை நாலாக்குங்கள். வெட்டி எடுக்கும்போது ஒரு பத்தி போதாது, இறங்கிய பத்தியும் இறங்காத பத்தியும் சேர்ந்துதான் ஒரு முழு ரிப்பீட். ஆகவே நடு இரண்டு பத்திகளைச் சேர்த்து அகலம் 320, உயரம் 160. பிக்ஸலில் 3200-க்கு 1600.